கொடுக்கும் பணத்துக்கு முழுச் சென்சாரும் கிடைக்கிறதா?

காணொளி எடுப்பதற்காகக் குறைந்த செலவில் ஒரு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா வாங்க வேண்டும் என்று யார் என்னிடம் யோசனை கேட்டாலும், மாடல்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது என் வழக்கம். நீங்கள் மிகுதியாகப் பதிவு செய்யப்போவது நொடிக்கு 25 ஃப்ரேமிலா, 50 அல்லது 60 ஃப்ரேமிலா? இதற்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால், அந்த வேகத்தில் எந்தக் கேமரா தன் சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்துகிறது, எது ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம். விலை குறைந்த ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் செலவு மிச்சப்படுத்தப்படும் இடங்களுள் முதன்மையானது இதுதான். ஆனால் விளம்பரத்தில் '4கே 60' என்பது பெரிய எழுத்திலும், '1.5 மடங்கு கிராப்' என்பது அடிக்குறிப்பிலும் இருக்கும்.

2008இல் கேனான் 5டி மார்க் 2 வெளிவந்து, ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் முழு எச்டி காணொளி எடுக்க முடியும் என்று காட்டிய நாளிலிருந்து இந்த அளவுச் சென்சார் மீது காணொளிக்காரர்களுக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. அது காரணமில்லாத ஈர்ப்பு அல்ல. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட இந்தச் சென்சாரின் பரப்பு, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரின் பரப்பைப் போல ஏறத்தாழ 2.3 மடங்கு. ஒரே துளையளவு (எஃப்/2.8 போன்ற எண்; எண் சிறிதானால் ஒளி அதிகம்), ஒரே ஷட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், படம் முழுவதற்குமாகச் சேரும் ஒளியும் அதே மடங்கில் கூடுகிறது. நடைமுறையில் இதன் பயன் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) சற்று மேல்: ஏபிஎஸ்-சியில் ஐஎஸ்ஓ 3200இல் தெரியும் இரைச்சல், அதே தலைமுறை ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 6400ஐத் தாண்டிய பிறகுதான் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் நேர்காணலையும் மேடை நிகழ்ச்சியையும் பதிவு செய்பவருக்கு இந்த ஒரு ஸ்டாப் மிகப் பெரிய வசதி. கேமரா ஓரங்களை 1.5 மடங்கு வெட்டும் அந்த நிமிடமே இந்த வசதி முழுவதும் போய்விடுகிறது. கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் எடையும் விலையும் கொண்ட ஓர் ஏபிஎஸ்-சி கேமராவாகிவிடுகிறது.

பழைய மாடல்களில் இந்த வெட்டு இன்னும் கடுமையானது. கேனானின் இஓஎஸ் ஆர் 4கேயில் எப்போதுமே ஏறத்தாழ 1.7 மடங்கு வெட்டும். அதன் தம்பியான ஆர்பி 1.6 மடங்கு வெட்டுவதோடு, 4கேயில் டூயல் பிக்சல் ஆட்டோஃபோக்கஸையும் கைவிட்டுவிடும். நிக்கானின் முதல் இசட்5, 4கேயில் 1.7 மடங்கு வெட்டும். இவை மூன்றும் இன்று பழைய கேமராச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. புகைப்படம் எடுப்பவருக்கு நல்ல கருவிகள்தாம். காணொளிக்காக இவற்றை வாங்குவதைவிட அதே பணத்தில் ஒரு நல்ல ஏபிஎஸ்-சி கேமராவும் நல்ல லென்ஸும் வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து வந்த தலைமுறையில் நிலைமை பெரிதும் தேறியிருக்கிறது. பானசோனிக் லூமிக்ஸ் எஸ்5 மார்க் 2, நிக்கான் இசட்5 மார்க் 2, சோனி ஏ7 மார்க் 4, ஏ7சி மார்க் 2 ஆகிய நான்கும் 4கேயில் 30 ஃப்ரேம் வரை சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்துகின்றன. அதற்கு மேல் 50, 60 என்று போனால் நான்குமே ஏபிஎஸ்-சி அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. கேனான் ஆர்8, சோனி இசட்வி-இ1 ஆகிய இரண்டும் 60 ஃப்ரேமிலும் முழு அகலத்தைத் தருகின்றன. வெட்டு விழும்போது போவது கோண அகலமும் ஒளியும் மட்டுமல்ல, நுணுக்கமும்தான். 24 மெகாபிக்சல் சென்சார் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 6000 பிக்சல். முழு அகலத்தையும் படித்து அதை 3840ஆகச் சுருக்கும்போது படம் கூர்மையாகவும் இரைச்சல் அடங்கியும் வருகிறது. 1.5 மடங்கு வெட்டிய பின் மிஞ்சுவது ஏறத்தாழ 4000 பிக்சல் என்பதால் சுருக்குவதற்கு எதுவும் இருப்பதில்லை. 33 மெகாபிக்சல் கொண்ட ஏ7 மார்க் 4இல் வெட்டிய பிறகும் சுமார் 4600 பிக்சல் மிஞ்சுவதால் இந்த இழப்பு சற்றுக் குறைவு.

நான் எடுப்பவற்றில் பெரும்பகுதி 25 ஃப்ரேம். மெதுவாக ஓட விட வேண்டிய காட்சி எப்போதாவதுதான் வரும். ஆகவே 60 ஃப்ரேமில் விழும் வெட்டு எனக்கு ஒரு பொருட்டல்ல. விளையாட்டு, நடனம், ஓடியாடும் குழந்தைகள் என்று எடுப்பவருக்கு அதுவே முதல் தகுதி. ஒரே கேமராவைப் பற்றி இருவர் எதிரெதிராகச் சொல்வதைக் கேட்டுக் குழம்பும்போது, அவ்விருவரும் எந்த வேகத்தில் எடுப்பவர்கள் என்று விசாரித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்சாரின் அகலத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது கேமரா தன் உள்ளேயே 10 பிட்டில் பதிவு செய்கிறதா என்பதை. 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1024. நேரடியாக எடுத்து அப்படியே வெளியிடுகிறவருக்கு 8 பிட் போதும். லாக் முறையில் எடுத்துப் பின்னர் நிறம் திருத்துகிறவருக்குப் போதாது. ஏனெனில் லாக் என்பது கண்கூசும் வெளிச்சத்திலிருந்து கருநிழல் வரையுள்ள பரந்த வீச்சை அந்தப் படிகளுக்குள் அடக்கிவைப்பது. அதைப் பின்னர் விரிக்கும்போது, அந்தி வானமும் வெற்றுச் சுவரும் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். 2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3 இன்றும் பலரால் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் சென்சார் அருமையானது, பேட்டரி நெடுநேரம் தாங்கும், லென்ஸுக்குக் குறைவே இல்லை. ஆயினும் அது 8 பிட்டில் மட்டுமே பதிவு செய்யும். நிக்கான் இசட்6 மார்க் 2வும் உள்ளே 8 பிட்தான். 10 பிட் வேண்டுமானால் எச்டிஎம்ஐ வழியாக வெளிப்பதிவுக் கருவி ஒன்றை மாட்ட வேண்டும். அந்தக் கருவி, அதன் பேட்டரி, அதைத் தாங்கும் கூண்டு என்று கூட்டிப் பார்த்தால் மலிவு என்ற காரணம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. மேலே சொன்ன புதிய தலைமுறைக் கேமராக்கள் அனைத்தும் உள்ளேயே 10 பிட் தருபவை. இதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே லாக் எடுக்க நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது.

சூடு என்பது மூன்றாவது. காணொளி எடுக்கும்போது சென்சார் ஓய்வே இல்லாமல் இயங்குகிறது. செயலியும் மெமரி கார்டும் உடன் சூடாகின்றன. உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராக்களில் சென்சார் காந்த விசையில் மிதந்தபடி இருப்பதால், அந்தச் சூடு உலோக உடலுக்குக் கடந்து வெளியேறும் வழியும் குறுகியது. எஸ்5 மார்க் 2இல் பானசோனிக் வியூஃபைண்டர் மேட்டுக்கு அடியில் ஒரு சிறிய மின்விசிறியைப் பொருத்தியிருக்கிறது. இந்த விலைத் தட்டில் அது அரிது. மணிக்கணக்கில் நிற்காமல் பதிவு செய்ய அதுவே துணை. ஆர்8, இசட்வி-இ1 இரண்டிலும் விசிறி கிடையாது. 4கே 60இல் தொடர்ந்து ஓடவிட்டால், அதுவும் வெயிலில், அவை எச்சரித்துவிட்டு நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. இரண்டு நிமிடம், மூன்று நிமிடமாகத் துண்டு துண்டாக எடுப்பவர் இதை உணரவே மாட்டார். ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேமரா அணைந்தால், அந்தப் பேச்சை இன்னொரு முறை அதே உணர்வோடு பெற முடியாது. என் போன்றோருக்கு இது சமரசத்துக்கு இடமில்லாத தகுதி. பழைய மாடல் வாங்குபவர்கள் 29 நிமிடம் 59 நொடி என்ற வரம்பையும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 30 நிமிடம் பதிவு செய்யக்கூடிய கருவியைக் காணொளிக் கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கம் விதித்த ஐரோப்பிய ஒன்றிய விதியிலிருந்து வந்த வரம்பு அது. சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி லென்ஸ். பட்ஜெட் பற்றிய பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்க வேண்டும். இருக்கும் பணம் முழுவதையும் உடலுக்குக் கொடுத்துவிட்டு, அதனுடன் வரும் கிட் லென்ஸோடு நின்றுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்8 உடன் விற்கப்படும் 24-50 மி.மீ. லென்ஸ், 50 மி.மீட்டரில் எஃப்/6.3 வரைதான் திறக்கும். எஃப்/2.8 லென்ஸுடன் ஒப்பிட்டால் இது இரண்டே கால் ஸ்டாப்புக்கும் மேல் இருட்டு. பெரிய சென்சார் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் மீட்டுத் தருகிறது. மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால், எஃப்/2.8 ஜூம் மாட்டிய ஏபிஎஸ்-சி கேமரா, கிட் லென்ஸ் மாட்டிய ஃபுல் ஃப்ரேமைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் முன்னால் நிற்கிறது. பின்னணி மங்கலிலும் அதே நிலைதான். ஃபுல் ஃப்ரேமின் பயன் லென்ஸ் வழியாகத்தான் வந்து சேர வேண்டும், எஃப்/2.8 ஜூம் ஒன்றுக்கோ, ஜூம் இல்லாத எஃப்/1.8 பிரைம் லென்ஸ் ஒன்றுக்கோ பணம் மிஞ்சாவிட்டால் உடலில் ஒரு படி கீழே இறங்குவதுதான் அறிவுடைமை.

ஆகவே மவுண்ட்டை, அதாவது உடலில் லென்ஸ் பொருந்தும் அமைப்பை, தேர்வு செய்வது உடலைத் தேர்வு செய்வதைவிட நீண்ட கால முடிவு. சோனியின் இ மவுண்ட்டுக்குச் சிக்மா, டாம்ரான் முதலிய பல நிறுவனங்கள் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ்களைத் தருகின்றன. டாம்ரான் 28-75 எஃப்/2.8, சிக்மா 28-70 எஃப்/2.8 போன்றவை சோனியின் சொந்த லென்ஸைவிடப் பெரிதும் விலை குறைந்தவை, பழைய சந்தையிலும் ஏராளமாகப் புழங்குபவை. எல் மவுண்ட் லைக்கா உருவாக்கியது; 2018இல் லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் சேர்ந்து ஏற்படுத்திய கூட்டணியால் அது மற்ற இரண்டுக்கும் பொதுவானது. சிக்மாவின் வரிசை அங்கும் கிடைக்கும் என்பதால் மலிவுக்கு வழி திறந்தே இருக்கிறது. பானசோனிக்கின் 20-60 மி.மீ. கிட் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். அது அதிக ஒளி தரும் லென்ஸ் அல்ல. ஆனால் 24இல் அல்லாமல் 20இல் தொடங்குவதால், 60 ஃப்ரேமில் வெட்டு விழுந்தாலும் 30 மி.மீ. அளவு அகலம் கையில் நிற்கிறது. காணொளிக்காரரின் சிரமம் அறிந்து வடிவமைத்த லென்ஸ் என்று அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். நிக்கானின் இசட் மவுண்ட்டுக்கு வெளி நிறுவன லென்ஸ்கள் சோனி அளவுக்கு இல்லை. ஆனால் அதன் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் 16 மி.மீ., சோனியில் 18 மி.மீ. என்பதால், இ மவுண்ட் லென்ஸ்களை மெல்லிய அடாப்டர் மூலம் அதில் மாட்டலாம். கேனானின் ஆர்எஃப் மவுண்ட்டில் வெளி நிறுவனங்களின் ஃபுல் ஃப்ரேம் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ்களுக்கு வழி பெரும்பாலும் அடைபட்டே இருந்துவருகிறது. அங்கே சிக்கனமாக வாழ நினைப்பவருக்குப் பழைய இஎஃப் லென்ஸ்களும் ஓர் அடாப்டரும் நல்ல தீர்வு. டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸ்கள் சந்தையில் நிரம்பிக் கிடக்கின்றன, ஆட்டோஃபோக்கஸும் அவற்றில் நன்றாகவே இயங்குகிறது.

ஆட்டோஃபோக்கஸில் கேனானும் சோனியும் முன்னிலையில் இருப்பது அறிந்ததே. 2020இல் வந்த முதல் எஸ்5, மாறுபாட்டை மட்டுமே வைத்து ஃபோக்கஸ் தேடும் முறையில் இயங்கியதால், பேசிக்கொண்டிருப்பவரின் பின்னணி அவ்வப்போது துடிப்பது போல மங்கித் தெளியும். 2023இல் மார்க் 2 வந்தபோதுதான் லூமிக்ஸ் வரிசைக்கே முதன்முறையாக, ஃபோக்கஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நேராகக் கணிக்கும் ஃபேஸ் டிடெக்‌ஷன் கிடைத்தது. தனியாக நின்று தன்னைத் தானே எடுத்துக்கொள்பவர் முதல் எஸ்5 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும். கையால் ஃபோக்கஸ் செய்து, முக்காலியில் வைத்து எடுப்பவருக்கோ அதே கேமரா இன்றும் ஒரு புதையல். 10 பிட், வி-லாக், இரண்டு கார்டு இடங்கள் என்று அதில் இல்லாதது சிலவே.

கையில் பிடித்து எடுப்பவர்கள் ஆர்8இன் உடலில் அதிர்வுத் தடுப்பு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள டிஜிட்டல் நிலைநிறுத்தம் படத்தின் ஓரங்களை மேலும் வெட்டித்தான் இயங்குகிறது. முழு அகலத்துக்காகவே அந்தக் கேமராவைத் தேர்ந்தவருக்கு இது ஒரு முரண். லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ளவற்றைச் சேர்த்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஏ7 மார்க் 4இல் வேறொரு குறை. 33 மெகாபிக்சலையும் படித்து முடிக்க அதற்கு 20 மில்லி விநாடிக்கு மேல் ஆவதால், கேமராவை வேகமாகத் திருப்பினால் நேராக நிற்கும் தூண்கள் சாய்ந்து தெரியும். நிதானமாக நகர்த்தினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உடலின் விலைச் சீட்டில் தெரியாத செலவுகளில் சேமிப்பு முதலிடம் வகிக்கிறது. நொடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரக் காணொளி 90 ஜிபி ஆகும். அதற்கு ஒரு பிரதி எடுத்து வைப்பதையும் சேர்த்தால் 180. கார்டில் வி30 என்று இருந்தால் நொடிக்கு 30 மெகாபைட், அதாவது 240 மெகாபிட் வரை அது உறுதியாகத் தாங்கும். ஆகவே பெரும்பாலான 4கே பதிவுக்கு வி30 கார்டே போதும். வி60க்கும் வி90க்கும் அள்ளிக் கொடுக்கும் முன் நீங்கள் பயன்படுத்தும் பதிவு முறையின் வேகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கான் இசட்5 மார்க் 2இல் எஸ்டி கார்டிலேயே ரா (பதப்படுத்தாத) காணொளி எடுக்கும் வசதி இருக்கிறது, அதற்கு மட்டும் வேகமான கார்டு தேவைப்படும். இன்னொன்று, எச்.265 என்ற சுருக்க வகையில் 4:2:2 (4:2:0ஐவிட நிற விவரம் அதிகம் வைக்கும் முறை) 10 பிட்டாகப் பதிவானதைத் தடங்கலின்றி ஓட்ட எல்லாக் கணினிகளாலும் முடியாது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளும், 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் செயலிகளின் உள்ளிணைந்த கிராபிக்ஸும் இதை வன்பொருளிலேயே கையாளுகின்றன. என்விடியா அட்டைகளுக்கு அந்தத் திறன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. உங்கள் கணினி இவற்றுள் அடங்காவிட்டால் ப்ராக்ஸி கோப்புகள் (தொகுப்பதற்கான இலகுவான நகல்கள்) ஆக்கித் தொகுக்கும் பொறுமையைப் பழகிக்கொள்ள வேண்டும், அல்லது 4:2:0 10 பிட்டில் எடுக்க வேண்டும். நிறத்திருத்தத்துக்குத் தேவையான படிகள் 10 பிட்டிலிருந்துதான் வருகின்றன என்பதால் 4:2:0 ஒன்றும் பெரிய இழப்பல்ல.

வெளியில் எடுப்பவர்களுக்கு, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம். 25 ஃப்ரேமில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50 அளவில் இருக்க வேண்டும், லாக் முறையிலோ ஐஎஸ்ஓ 640, 800க்குக் கீழே இறங்காது. நல்ல வெயிலில் எஃப்/2.8இல் இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் ஃபில்டர் இல்லாமல் படம் வெளுத்துவிடும். ஒலிக்கு, மைக் துளையோடு ஹெட்ஃபோன் துளையும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் இங்கே பேசிய புதிய கேமராக்களில் அந்தக் குறை இல்லை.

இவ்வளவையும் வைத்து என் தேர்வைக் கேட்டால், நீண்ட பேச்சும் மேடை நிகழ்ச்சியும் எடுப்பவருக்குத் தயங்காமல் எஸ்5 மார்க் 2 என்பேன். விசிறி, முழு அளவு எச்டிஎம்ஐ துளை, ஒளியளவை வரைபடமாகக் காட்டும் அலைவடிவக் காட்டி, ஷட்டரைக் கோணக் கணக்கில் வைக்கும் வசதி, சென்சாரின் முழு உயரத்தையும் பதிவு செய்து ஒரே எடுப்பிலிருந்து கிடைமட்டக் காணொளியையும் செங்குத்துக் காணொளியையும் பிரித்தெடுக்க உதவும் 6கே ஓப்பன் கேட் என்று, காணொளியை மனத்தில் வைத்து உருவாக்கிய கருவி அது. துண்டுக் காட்சிகளாக எடுத்து, 60 ஃப்ரேமில் முழு அகலமும் நம்பகமான ஆட்டோஃபோக்கஸும் கேட்பவருக்கு ஆர்8; எல்பி-இ17 என்ற சிறிய பேட்டரியையே அது பயன்படுத்துவதால் உபரி பேட்டரிகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். புகைப்படமும் காணொளியும் சரிபாதியாக எடுப்பவருக்கு இசட்5 மார்க் 2. சோனி லென்ஸ்கள் ஏற்கெனவே கையில் இருப்பவர் அங்கிருந்து வெளியேற வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருளில் எடுப்பதே தொழில் என்றால் இசட்வி-இ1இன் 12 மெகாபிக்சல் சென்சாருக்கு இந்தக் கூட்டத்தில் இணை இல்லை. வியூஃபைண்டரும் இரண்டாவது கார்டு இடமும் அதில் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பழையதை வாங்குவது இந்தத் துறையில் மிகவும் பயனுள்ள சிக்கனம். ஆனால் புகைப்படக்காரர்கள் பார்க்கும் ஷட்டர் எண்ணிக்கை நமக்கு உதவாது; காணொளி எடுக்கும்போது ஷட்டர் அடிப்பதே இல்லை என்பதால், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய கேமராவிலும் அந்த எண் சிறியதாகவே இருக்கும். அதற்குப் பதிலாக எச்டிஎம்ஐ துளையில் கம்பியைச் செருகி இலேசாக அசைத்துப் பாருங்கள். மைக்ரோ எச்டிஎம்ஐ உள்ளவற்றில் முதலில் தளர்வது அதுதான். லென்ஸை மூடி, ஐஎஸ்ஓவை உயர்த்தி ஒரு நிமிடம் பதிவு செய்தால் பழுதான பிக்சல்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். பிறகு வெளிச்சமான வெற்றுச் சுவரைப் பதிவு செய்து, எங்காவது ஒரு கோடு படத்தின் குறுக்கே முழுமையாக ஓடுகிறதா என்று பாருங்கள். மேடைகளில் சுழலும் லேசர் ஒளி நேராகச் சென்சாரில் பட்டால் விடும் தழும்பு அப்படித்தான் இருக்கும், சென்சாரையே மாற்றினாலன்றி அது போகாது. இரண்டு கார்டு இடங்களிலும் பதிவாகிறதா என்று சரிபாருங்கள். கடைசியாக, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே பதிவு முறையில், அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். அதற்கு மறுப்பவரிடம் எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் நான் வாங்குவதில்லை.